மறுநாள் சப்பென்று போகும் ஆம்ப்ளிஃபையர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நான் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் உங்கள் முழங்காலும் தண்ணீர் மோட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஆறு பக்கமும் மோட்டாரைப் பற்றியே இருந்தது. வந்த அன்றே இரண்டு முறை படித்தேன், பிறகு சாப்பிடும்போது ஒரு முறை. காயில் கம்பி எரிந்தது, அதைக் கட்டிக் கொடுத்தவன் ஏமாற்றியது, மறுபடி எரிந்தது எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். இதற்குப் பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் "அப்புறம்?" என்பீர்கள். நான் "அப்புறம், நீங்கதான் சொல்லணும்" என்பேன். நீங்கள் "இங்க ஒண்ணும் விசேஷமில்ல" என்பீர்கள். நான் "இங்கயும் அதேதான்" என்பேன். அதற்கு மேல், முதலில் வைத்தால் மரியாதையாக இருக்காதே என்று இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. குறுக்கே யாரும் "அப்புறம்?" என்று கேட்க முடியாது.

குழந்தைகள் பற்றிய சேதி உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் மாப்பிள்ளை (நல்லது செய்யும்போது அவன் என் மகன், இப்போது உங்கள் மாப்பிள்ளை) இரண்டு பாட்டிகளும் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். பேறுகாலத்துக்கு என் வீட்டுக்காரி ஒருத்தி போவதாகத்தான் முதலில் ஏற்பாடு. பிறக்கப் போவது இரட்டை என்றதும், ஆளுக்கொன்று என்று உங்கள் வீட்டுத் தங்கை அவர்களும் கூடவே விமானம் ஏறிவிட்டார்கள். இப்போது இரண்டும் தவழ ஆரம்பித்து, ஒன்று சமையலறைப் பக்கம் போனால் மற்றது மாடிப்படிப் பக்கம் போகிறதாம். பெற்றவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சமையல் பழகிவிட்டது. ஒரே பாத்திரத்தில் வைத்து, அதே பாத்திரத்தில் சாப்பிட்டு, அதையே கழுவிக் கவிழ்க்கிறேன். பாத்திரத்துக்கும் எனக்கும் நல்ல ஒற்றுமை. "தனியா இருக்கீங்களே" என்று யாராவது இழுத்தால்தான் கோபம் வருகிறது. நான் தனியாக இல்லை, ஓய்வாக இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைக்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், அதற்கு உங்கள் யோசனை தேவைப்படுகிறது. என் ஸ்டீரியோ செட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு சிடி பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். அதில் இடது பக்கத்து ஸ்பீக்கருக்கு நாள்பட்ட இருமல். போன மாதம் என் வீட்டுக்காரி வீடியோவில் வந்தாள். அவளுக்கு என் நெற்றி மட்டும் தெரியும், எனக்கு அவள் முகத்தில் பாதியும் ஒரு குழந்தையின் காலும் தெரியும். "அந்த ரேடியோவைச் சரி பண்ணிக்கோங்களேன், உங்களுக்கும் பொழுது போகும்ல" என்றாள். "அது ரேடியோ இல்ல, ஸ்டீரியோ" என்றேன். "ஏதோ ஒண்ணு. வாங்குறதையும் ஒண்ணே ஒண்ணா வாங்குங்க. நான் வர்றதுக்குள்ள மொத்த செட்டையும் மாத்திட்டு, அப்புறம் திருதிருன்னு முழிக்காதீங்க" என்று உத்தரவு போட்டாள். என் பென்ஷனிலும் ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருக்கிறது. ஆக, மாற்றப் போவது ஒன்று. எதை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி.

நானோ காலமெல்லாம் கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்த்தவன். "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை தேய்ந்தவன். ஒரு நேரத்தில் ஒரு லென்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது நல்லது செய்தது எது கெடுத்தது என்று ஆண்டவனுக்கே விளங்காது. ஸ்டீரியோவையும் அந்த முறையிலேயே பார்த்துவிடுவது என்று துணிந்தேன். நல்லவேளையாகக் கடைத்தெருவில் ஒரு சவுண்ட் கடை இருக்கிறது. பணம் வாங்குவதற்கு முன்பே சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். சில நாள் வைத்துக் கேட்டு, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அவர்களே வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். இப்படி வியாபாரம் செய்தால் அந்த மனிதர் எப்படிப் பிழைப்பார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. என்னைச் சந்தித்த பிறகு அவருக்கும் புரியவில்லை.

முதலில் ஆம்ப்ளிஃபையர் வந்தது. கொண்டுவந்தது ஒரு பெண்மணி. கடையில் எல்லோரும் மெக்கானிக் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம்மைவிட வயதில் கொஞ்சம் இளையவர். ஆம்ப்ளிஃபையரை இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டு மாடியேறி வந்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி துடைச்சு வெச்சிருக்கீங்க? மனுசங்க இருக்கிற வீடு மாதிரியே இல்லியே" என்றார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரை மாட்டும்போதே அவருடைய நாத்தனார் கதை ஆரம்பமாகிவிட்டது. நாத்தனார் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறாள், கட்டுகிறவள் நேராக மெக்கானிக் அம்மாவின் அடுப்படியைப் பார்த்து ஜன்னல் வைத்துவிட்டாள். "வேணும்னே வெச்சிருக்கா சார். நான் என்ன பொரிக்கிறேன், எத்தனை பேருக்குப் பொரிக்கிறேன்னு பாக்கணும் அவளுக்கு." நான் என்னிடமுள்ள வயலின் டிஸ்க்கைப் போட்டேன். அடடா! வயலின்காரர் வில்லை இழுப்பதற்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது சம்பந்தி. ஜன்னல் விவகாரம் ஒரு காதிலும் வயலின் ஒரு காதிலுமாகக் கூடமே நிறைந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையர்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் அதே டிஸ்க், அதே நாற்காலி, அதே ஆம்ப்ளிஃபையர். ஆறிப்போன காபி மாதிரி சப்பென்று இருந்தது. திருகினேன், தட்டினேன், டிஸ்க்கைத் துடைத்தேன், என் காதையும் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டு, "உங்க ஆம்ப்ளிஃபையர் ஒரே ராத்திரியில இளைச்சுப்போச்சு" என்றேன். "இளைக்கிறதுக்கு அது என்ன மாடா சார்?" என்றார். இருந்தாலும் மெக்கானிக் அம்மாவை மறுபடி அனுப்பினார். அவர் வந்து பின்னால் கையை விட்டு ஒரு வயரை அழுத்தினார். டிஸ்க்கைப் போட்டால், பல் டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி மறைவதுபோல் எல்லாம் சரியாகிவிட்டது! "வயர் லூசா இருந்திருக்கும்" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். நாத்தனாரின் ஜன்னலுக்கு எதிராகத் தன் சுவரை உயர்த்தப் போவதாகவும், கொத்தனார் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் என்பதால் அவன் திருட்டு முழி முழிப்பதாகவும் சொன்னார். அவர் போன மறுநாள், ஆம்ப்ளிஃபையர் பழையபடி இளைத்துவிட்டது.

கோளாறு ஆம்ப்ளிஃபையரில் இல்லை போலிருக்கிறது என்று அதைத் திருப்பிவிட்டு சிடி பிளேயரை வரவழைத்தேன். வந்த அன்று தேனாய் ஒழுகியது, மெக்கானிக் அம்மாவின் சுவர் இடுப்பளவு ஏறியிருந்தது. மறுநாள் சப். பிறகு ஸ்பீக்கர்கள் வந்தன. வந்த அன்று அப்படியே உருகிவிட்டேன். நாத்தனாரும் அவள் பங்குக்குச் சுவரை ஏற்ற ஆரம்பித்திருந்தாள். மறுநாள், சொல்ல வேண்டியதில்லை. இதில் என் மண்டையைக் குழப்பியது எது தெரியுமா? புது ஸ்பீக்கர்களைத் திருப்பி எடுக்க வந்த அன்று, மெக்கானிக் அம்மா நம் பழைய ஸ்பீக்கர்களையே மாட்டிவிட்டு, டீக்கு உட்கார்ந்தார். அந்த இருமல்கார ஸ்பீக்கர் அன்றைக்கு எத்தனை இனிமையாகப் பாடியது என்கிறீர்கள்! சில நாள் ஓய்வு கொடுத்ததில் தேறிவிட்டதோ? அல்லது இது வோல்டேஜ் சம்பந்தப்பட்டதா? மோட்டார் வைத்திருப்பவர் நீங்கள். மாட்டிய அன்று நன்றாக இருந்து மறுநாள் படுத்துக்கொள்ளும்படி மின்சாரத்தில் ஏதாவது வியாதி உண்டா என்பதை விவரமாக எழுதவும். ஆறு பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

இதற்கிடையே கீழ்வீட்டு டாக்ஸிக்காரர் விவகாரம் வேறு. ஒருநாள் சாயங்காலம், சத்தத்தைக் கூட்டினால் உயிர் வருகிறதா பார்ப்போம் என்று கூட்டினேன். அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். "சார், கொஞ்சம் குறைச்சு வெச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்தவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, "நீங்களே சொல்லுங்க, எதை மாத்தலாம்?" என்று கேட்டேன். பாவம், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர், அந்நேரம் தூங்க வேண்டிய மனிதர். கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஊஃபர் போடுங்க சார், நெஞ்சு அதிரும்" என்றார். அவர் உட்கார்ந்திருந்த வரைக்கும் வயலின் அற்புதமாக இருந்தது. மறுநாளும் சத்தத்தைக் கூட்டினேன். வரவில்லை. இன்னும் கூட்டினேன். வரவில்லை. மாடிப்படியில் பார்த்தபோது நானே வலியப் போய், "தொந்தரவா இருந்தா சொல்லுங்க, மேல வந்து சொல்லுங்க" என்றேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பெரியவங்க நீங்க, நல்லா கேளுங்க. நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன்" என்றார். அந்த நல்ல மனசு என்னை அடித்துப்போட்டுவிட்டது சம்பந்தி. மேலே வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத்தான் இத்தனை பெட்டிகள் வந்துபோக வேண்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு லென்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்று பெரிய பேச்சுப் பேசினேனே, ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயம் மாறிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்டி மாறியது ஒன்று, கூடத்தில் இன்னொரு ஆள் இருந்தது மற்றொன்று. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்தால் பாட்டு படுத்துக்கொள்கிறது. ஆளை வைத்துக்கொண்டு பெட்டியை மாற்றினால் எந்தப் பெட்டியும் பாடுகிறது. பவர் பார்க்க வந்தவர் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பியிருப்பேன்.

அப்போதுதான் நீங்கள் வந்திருந்தது நினைவுக்கு வந்தது. பெண்கள் இருவரையும் ஏற்றிவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பினோமே, உங்கள் ரயில் ரத்தாகி, என் வீட்டில் தங்கினீர்களே. இதே வயலின் டிஸ்க்கைத்தான் போட்டேன். நீங்கள் ஆரம்பம் முதல் கடைசி வரை உங்கள் மோட்டாரைப் பற்றியே பேசினீர்கள். இந்த மனுசனுக்குச் சங்கீதம் என்றால் என்னவென்று தெரியுமா என்று நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன். மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த டிஸ்க் என் வீட்டில் அன்றைக்குப் பாடியதுபோல் அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடவில்லை. இத்தனைக்கும் செட் முழுக்கப் பழசு, இடது பக்கம் இருமல்.

சரி, எழுதியே விடுகிறேன். எனக்குத் தனிமையாக இருக்கிறது சம்பந்தி. காலையில் எழுந்ததும் பேசலாம் என்று வாய் திறந்தால் யாரும் இல்லாததால் கொட்டாவி விட்டுச் சமாளிக்கிறேன். பால் வாங்கும் இடத்தில் மீதிச் சில்லறையைப் பற்றித் தேவையில்லாமல் இரண்டு வார்த்தை கூடப் பேசுகிறேன். வீட்டுக்காரியிடம் சொன்னால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வருவாள், மகனிடம் சொன்னால் அவன் இருந்த இடத்தில் குற்றவாளியாகிவிடுவான். அதனால் இருவரிடமும் ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் பேசுகிறேன். இந்த நாலு வரியையும் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். என் பேனா மை கக்குகிற பேனா, அடித்தால் பக்கமே பாழாகும். இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் மோட்டார் திரும்பத் திரும்ப எரிவதைப் பற்றியும் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைக்காரரின் கெடு இதுதான். "சார், எங்க மெக்கானிக் அம்மா உங்க வீட்டுக்கு வந்து போன ஆட்டோ செலவுல ஒரு ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாம். சனிக்கிழமைக்குள்ள எது வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா இனிமே ஆள் அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக வந்தபோது மெக்கானிக் அம்மாவும் டீயைக் கீழே வைத்துவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே வாங்கப் போறீங்களா, இல்ல சும்மா கூப்பிடுறீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது. ஒருவேளை நம் நிலைமையைப் புரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ என்று பதறி, "வாங்கத்தான், வேற எதுக்கு?" என்று குரலை உயர்த்தினேன். "இல்ல, வாங்கினா எனக்குக் கமிஷன் வரும், அதான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது ஒரு பெரிய கதை சார், அடுத்த வாட்டி சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஏதாவது ஒன்றை வாங்கினால் அதை மாட்ட அவர் ஒருமுறை வருவார், அதோடு சரி. ஒன்றும் வாங்காவிட்டால் அந்த ஒருமுறையும் கிடையாது.

ஆகவே தீர யோசித்து, ஸ்பீக்கர்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டதல்ல. இருப்பதிலேயே அது ஒன்றுதான் ஜோடியாக வருகிறது. தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கடிதத்தில் எழுதினால் போதும். நேரில் வந்து கேட்டுப் பார்க்கிறேன் என்று முழங்காலை வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட வேண்டாம். நானும் அங்கே வருவதற்கில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவன் அழைக்காத வீட்டு வாசலில் பையோடு போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அதுவும் இரண்டு வீட்டிலும் பெண்கள் இல்லாத சமயத்தில், யார் யாரை "வாங்க" என்று கூப்பிடுவது? முறை என்று ஒன்று இருக்கிறது. நான் இங்கே டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு நன்றாகவே இருப்பேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை மறக்காமல் போட்டு, மோட்டாரோடு அதிகம் மல்லுக்கட்டாமல் இருக்க வேண்டும். நம் இரண்டு வீட்டுப் பெண்களும் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், அந்தச் சின்னஞ்சிறுசுகள் நம் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டு நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலைப் பொருட்படுத்த வேண்டாம். மேலே எழுதியிருக்கும் எதையும்கூடப் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைப் போடத்தான் கிளம்பினேன். தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே ரயில் டிக்கெட் கொடுக்கும் இடம் இருந்து தொலைத்தது. வரிசையில் நின்றால் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் இருப்பார்களே என்றுதான் நின்றேன். கவுண்ட்டர் வந்துவிட்டது, உங்கள் ஊருக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். "திரும்பி வர்றதுக்கும் சேத்தா?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது என் வாய்தான். கடைக்காரரிடம் ஸ்பீக்கரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரியைப் பொறுத்தவரை ஸ்பீக்கர் வாங்கியதாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் போலிருக்கிறது. வந்தால் நீங்கள் கண்ணாடியைத் தேடிச் சிரமப்பட வேண்டாம், நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். நடுநடுவே உங்களுக்குப் பேசத் தோன்றினால், தயவுசெய்து பேசுங்கள்.